விரதம் இருந்த பொமரேனியன்

டுபாய்க்கு வேலைக்குப் போன மகள், தன் பொமரேனியனை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். நாய் என் முழங்காலுக்கும் எட்டாது. ஆனால் அதற்கான உபசாரங்களோ கொஞ்சநஞ்சமில்லை. தினமும் முடி சீவவேண்டும், கண்ணைத் துடைக்கவேண்டும், பாக்கெட்டில் வரும் உலர்ந்த தீனியை மட்டுமே போடவேண்டும். அதையும் சும்மா வைத்தால் துரை தொடமாட்டார். நாம் முதலில் ஒன்றை வாயில் போட்டு மென்று காட்டவேண்டும். மகள் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தாள். என் மனைவி வெறும் வாயை மென்று ஏமாற்றி ஊட்டினாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் இப்படி ஊட்டியதில்லை.

கோயிலில் கொடியேறியதும் வந்தது வினை. மாத்தளையில் எங்கள் தெருவில் கொடியேறினால் தேர் முடியும்வரை எந்த வீட்டிலும் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் கிடையாது. சட்டி பானையெல்லாம் மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அதிலும் நான் கோயில் சபையில் இருப்பவன். மனைவி நாய்த் தீனிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு கோழி சிரித்துக்கொண்டு நின்றது.

"ஐயய்யோ, என்னங்க இது, வீட்டுக்குள்ள கோழி!" என்று அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய், முற்றத்தின் கடைசியில் இருக்கும் விறகுக் கொட்டிலில் போட்டாள். நாய்க்குப் பருப்பும் சோறும் வைத்தாள். மோந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பூசணிக்காய்க் கறியையும் தொடவில்லை. பாலை மட்டும் போனால் போகிறதென்று இரண்டு நக்கு நக்கியது.

அடுத்த வீட்டு அம்மா வந்து பார்த்தார். பார்த்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, இது விரதமில்ல இருக்குது! போன பொறவியில யாரோ பெரிய சாமியாருங்க."

அவ்வளவுதான். தெருவே திரண்டு வந்தது. இரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்த சொந்தக்காரர்கள், கோயிலுக்குப் போகுமுன் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாய் நெற்றியில் திருநீறு, குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம். பக்தர் அசையாமல் படுத்திருந்தார். சாமியார் மேல் சீப்பு படக்கூடாதென்று மனைவி முடி சீவுவதையும் விட்டிருந்தாள். "சாப்பிடாமலே எப்படி மொழுமொழுன்னு இருக்குது பாருங்க, எல்லாம் அம்மன் குடுக்கிறது" என்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சபைக் கூட்டத்தில்கூட என் பேச்சைவிட என் வீட்டு நாயைப் பற்றித்தான் பேச்சு. வீடியோவில் மகளும் பார்த்து, "அழகா குண்டாயிருக்குது அம்மா" என்றாள்.

தேருக்கு முதல்நாள், சாமி தெருவால் வரும்போது நாய் சுத்தமாக இருக்கவேண்டும் என்று மனைவி அதைக் குளிப்பாட்டினாள். திடீரென்று கிணற்றடியிலிருந்து ஒரு அலறல். ஓடினேன்.

முடி நனைந்து ஒட்டியிருந்தது. அதற்குள் நாயே இல்லை. எலும்புக்கூடு ஒன்று நாலு காலும் வெடவெடக்க நின்றது. நிற்கவும் முடியாமல் சரிந்தது. நாங்கள் இத்தனை நாளும் கும்பிட்டது வெறும் முடியை.

"பாவி நான், புள்ள நம்பி குடுத்துட்டுப் போனத பட்டினி போட்டுக் கொன்னுட்டேனே!" என்று மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான் மிருக வைத்தியருக்குப் போன் போட்டேன். அவர் பக்தியைப் பாராட்டவில்லை.

"சின்ன நாய் பட்டினி தாங்காதுங்க. கொஞ்சம் சீனித் தண்ணி நாக்குல தடவுங்க. அது வழக்கமா தின்றத உடனே கொஞ்சங்கொஞ்சமா குடுங்க. அப்புறம் தூக்கிட்டு வாங்க."

சீனித் தண்ணீர் தடவி, துவாயில் சுற்றி, கொட்டிலுக்குத் தூக்கிப்போனோம். பாக்கெட்டைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டி நீட்டினேன். நாய் பார்த்தது. அந்த நிலையிலும் சட்டம் சட்டம்தான். மனைவி கண்ணீரோடு வெறும் வாயை மென்று காட்டினாள். அது நம்பவில்லை. தலையைத் துவாயில் போட்டுக் கண்ணை மூடியது.

கோயில் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து கொடியேறிய பிறகு முட்டைகூடத் தொடாதவன் நான். தாயே, நீயே பார்த்துக்கொள் என்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கடகடவென்று மென்றேன். கருவாட்டையும் சவர்க்காரத்தையும் சேர்த்து வறுத்த ருசி. நாய் ஒரு கண்ணைத் திறந்தது. என் தாடையையே பார்த்தது. பிறகு மெதுவாக என் கையிலிருந்து ஒன்றை எடுத்து மென்றது. அப்புறம் இன்னொன்று. நான் இன்னொரு பிடியை வாயில் போட்டேன்.

வைத்தியரிடம் காட்டிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். நாய் என் மடியில் இருந்தது. அடுத்த வீட்டு அம்மா படியேறும்போதே மூக்கைச் சுருக்கினார்.

"என்னக்கா, கவிச்சி வீசுது? விரதம் முறிஞ்சிருச்சா?"

மனைவி ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு நாயைப் பார்த்தாள்.

"அது பாட்டுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. இந்த மனுசனுக்குத்தான் கோழி இல்லாம இருக்க முடியல."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மணம் வரும்.