பிஸ்டன் மேல் பரோட்டா மாவு

திரேஸ்புரம் ரோட்டுப் பட்டறையில் நான் இருந்தேன். கூட வேலை பார்க்கும் மச்சான் இருந்தான். மாவு கொண்டுவந்த பரோட்டாக் கடை மாஸ்டர் போகாமல் நின்றார். அப்புறம் கார்க்காரர். காயல்பட்டினத்து ஆள், அண்ணனைக் காக்கா என்கிற ஊர், துபாயில் ஒர்க்‌ஷாப் வேலை.

நரைத்த தாடி, வெள்ளைச் சட்டை. இஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைத் தொடும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையைச் சட்டையில் துடைப்பார். வண்டி இழுவை கூட வேண்டும் என்று அந்த ஹெட்டை அங்கேயே தன் கையால் சீவி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இஞ்சினை நாங்கள் புதுசாகக் கட்டியிருந்தோம்.

"நல்லாத்தான் சீவியிருக்கீங்க காக்கா. மாட்டி ஸ்டார்ட் பண்ணிருவோம்," என்றேன்.

"வேணாம் அண்ணாச்சி. சீவுனதுல வால்வு கீழ எறங்கியிருக்கும், பிஸ்டன்ல இடிச்சா எல்லாம் போச்சு. ரெண்டு மில்லி இடைவெளி இருக்கணும். மாவு வச்சுப் பாத்துருவோம்."

"இஞ்சின்லயா பரோட்டா போடுதீய?" என்றார் மாஸ்டர்.

"சால்னாவ நீரு கொண்டாரும்," என்றான் மச்சான்.

கார்க்காரர் சிரிக்கவில்லை. "வேற ஆளு சீவுனதுன்னா அப்படியே மாட்டிருப்பேன். இது நான் சீவுனது," என்றார்.

பிஸ்டன் மேல் மாவை வைத்து ஹெட்டை முடுக்கினோம். இஞ்சினைக் கையால் சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றினோம். மாவில் வால்வு பதிந்திருந்தது; பதிந்த இடத்தில் மிஞ்சிய கனம்தான் இடைவெளி. அந்த இடத்தை பிளேடால் அறுத்தேன். அவர் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

தன் வேலையைப் பெருமை பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் நின்ற நிலைதான் இன்றைக்கும் ஞாபகம் வருகிறது.

"எவ்வளவு அண்ணாச்சி?" என்றார், திரும்பாமல்.

அளந்தேன். இரண்டேகால் மில்லி.