சாச்சி கொண்டுவந்த இரட்டைத் திரை

சாச்சி குவைத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களில் என்னை ஆக வியக்க வைத்தது, புத்தகம் போல மடித்துத் திறக்கிற ஒரு சின்ன விளையாட்டுக் கருவிதான். உள்ளே இரண்டு திரைகள். கீழ்த் திரையை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் தொட்டு இழுத்தால் நிறநிறக் கட்டைகள் இடம் மாறும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் அவை மறையும். சேராதவை குவிந்து உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. காத்தான்குடியில் எங்கள் ஒழுங்கையில் யாரும் அப்படியொன்றைக் கண்டதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சாச்சி என் உம்மாவின் தங்கை. சாச்சா மௌத்தாகி அவர் தனித்துப்போன பிறகு, ஒரு வயது மகனை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுவேலைக்குப் போனவர். திரும்பி வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. எனக்குத் தம்பியாகவே வளர்ந்த அவன், என் உம்மாவைத்தான் உம்மா என்றான். பெற்றவளை, நான் கூப்பிடுவதைக் கேட்டு, சாச்சி என்றான். அவர் கொடுத்த ரிமோட் காரை வாங்கிக்கொண்டு உம்மாவின் பின்னால் ஒளிந்தவன், அதன் பிறகு சாச்சியின் அறைப் பக்கமே போகவில்லை.

“பொறு புள்ள, அவனா வருவான்,” என்று உம்மா சாச்சிக்குச் சொன்னது ஒருநாள் என் காதில் விழுந்தது.

சாச்சி அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அசர் தொழுதுவிட்டுப் பாயில் உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டி வைத்து விளையாடத் தொடங்குவார். கட்டைகள் மறையும்போது தண்ணீரில் கல் விழுவது போல ஓர் ஓசை வரும். அந்த ஓசைக்குத் தம்பி முதலில் கதவடிக்கு வந்தான். சில நாட்களில் பாயின் ஓரத்துக்கு வந்தான். சாச்சி நிமிர்ந்து பார்க்கவே மாட்டார்.

எனக்கோ வேறொரு புதிர். அதிகப் புள்ளி எடுத்தவர்களின் வரிசை மேல் திரையில் வரும். எல்லா இடத்திலும் ஒரே பெயர்.

“இது ஆர்ர பேரு சாச்சி?”

“நான் வேல செஞ்ச ஊட்டுப் புள்ளைட. நான் போகக்குள்ள அவனுக்கு நாலு வயசு. திங்கிறதும் என்னோட, படுக்கிறதும் என்னோட. வரக்குள்ள இத எண்ட பேக்குக்குள்ள அவன்தான் வெச்சுட்டான்.”

சாச்சி நன்றாகவே விளையாடுவார். ஆனால் அந்தப் பெயரை எட்டிப்பிடிக்கப் போகும் நேரத்தில் குச்சியைத் தூக்கிவிடுவார். கட்டைகள் குவிந்து ஆட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் இதுதான். குச்சியில்தான் பழுது என்று நினைத்து அதைத் துணியால் துடைத்தும் பார்த்தேன்.

“ஏன் சாச்சி உட்டுட்டீங்க?”

“கை உளையுது மகள்.”

மாரி தொடங்கி ஒழுங்கையில் வெள்ளம் நின்ற ஒரு நாள், தம்பி தானாகவே குச்சிக்குக் கை நீட்டினான். சாச்சி அவனை மடியில் இருத்திக்கொண்டார்.

“அந்த நீலத்த இங்கால இழுங்க மகன்.”

சொந்த மகனிடம் விருந்தாளியிடம் பேசுவது போல ஏன் பேசுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுடைய கையைத் தன் கைக்குள் வைத்து அவர் இழுக்க இழுக்கப் புள்ளி ஏறியது. இனிக் குச்சியைத் தூக்கிவிடுவார் என்று காத்திருந்தேன். தூக்கவில்லை. பழைய பெயர் ஒரு படி கீழே இறங்கியது. கருவி பெயர் கேட்டது. சாச்சி தம்பியின் விரலைப் பிடித்து, அவன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தொட வைத்தார்.

தம்பி அதைக் காட்ட உம்மாவிடம் ஓடவில்லை. அப்படியே அவர்மேல் சாய்ந்துகொண்டு, “சாச்சி, பசிக்குது,” என்றான்.

அதுவரை அவன் பசியை உம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். மீன்கறியில் பிசைந்த சோற்றுக் கோப்பையோடு உம்மா கதவடியில் வந்து நின்றிருந்தார். கோப்பையைச் சாச்சியின் கையில் கொடுத்து, “நீயே அவனுக்குத் தீத்து,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நான் பின்னாலேயே போனேன்.

“தலையிடியா உம்மா?”

“ஓம் மகள்.”

ஓடிப்போய்த் தைலப் போத்தலை எடுத்துவந்து நெற்றியில் அழுத்தித் தேய்த்தேன். உம்மாவின் கண்ணால் தண்ணீர் ஓடியது. தைலம் கூடிவிட்டது போல என்று நினைத்து, அவர் முந்தானையால் துடைத்துவிட்டேன்.