பெர்டா குடித்த தண்ணீர்

எங்கள் நெவாடா பள்ளத்தாக்கில் நிலம் மத்திய அரசுடையது, தண்ணீருக்கு அதிகாரம் மாநில அரசுடையது. மாடு மட்டும்தான் எங்களுடையது.

கிராசியானா உகால்டே மலையடிவாரத்தில் தனியாக மாடு வளர்க்கும் பெண்மணி. குளிர்காலத்தில் எங்கள் பள்ளிப் பேருந்தையும் அவர்தான் ஓட்டினார். புகையிலையை மென்று சன்னல் வழியே துப்புவார். நாங்கள் துப்பினால் இறக்கிவிட்டுவிடுவார்.

அவருடைய மந்தை கோடை மேய்ச்சலுக்கு மலையிலுள்ள ஓர் ஊற்றை நம்பியிருந்தது. மேய அனுமதி கொடுப்பது மத்திய நில அலுவலகம். ஊற்றின் உரிமையைப் பதிவு செய்து வைத்திருப்பது மாநில நீர் அலுவலகம். உரிமை நிலைக்க வேண்டுமானால் மாடுகள் அங்கே குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உரிமை போனால் மந்தையை விற்பதைத் தவிர கிராசியானாவுக்கு வழியில்லை.

காட்டுத்தீயில் மலை எரிந்தது. புல் முளைக்கட்டும் என்று மத்திய அலுவலகம் மாடுகளுக்குத் தடை போட்டது. அதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் புல் முளைத்த பிறகும் தடையை நீட்டிக்கொண்டே போனார்கள். மாநில அலுவலகமோ, "மாடே குடிக்கலையே, உரிமை எதுக்கு?" என்று கேட்டது. அங்கே போனால் இங்கே கேள் என்றார்கள், இங்கே வந்தால் அங்கே கேள் என்றார்கள்.

கடைசியில் இரண்டு அலுவலகங்களும் ஊற்றுக்கரையிலேயே 'ஒருங்கிணைப்புக் கூட்டம்' போட்டன. அவர்களுடைய வண்டிகள் இளம்புல்லை நசுக்கிக்கொண்டு வந்து நின்றன. கூடாரம் அடித்து, ஆளுக்கொரு சாண்ட்விச்சோடு உட்கார்ந்தார்கள். மாநிலத்தார் ஒரு பக்கம், மத்தியத்தார் ஒரு பக்கம். காலை முழுக்க ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரிடம் பேசவே இல்லை.

கிராசியானா தன் கிழட்டுப் பசு பெர்டாவை டிரெய்லரில் ஏற்றி வந்து, ஊற்று நீர் தேங்கும் தொட்டிக்குப் பக்கத்துப் பாதையில் நிறுத்தினார்.

"மாட்டோட கால் இந்த மண்ணுல படக்கூடாது, மேடம்," என்றார் மத்திய அதிகாரி கெண்டல்.

"சரி தம்பி. குடிக்கலைன்னா?"

"உரிமை போயிடும். சட்டம் அப்படிங்க," என்றார் மாநில அதிகாரி போய்ட்.

"அப்ப என் மாடு பறந்து வந்து குடிக்கணுமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கிராசியானா சிரிக்கவில்லை. வாளியில் நீர் மொண்டு டிரெய்லருக்குள் நீட்டினார். பெர்டா சத்தமாக உறிஞ்சிக் குடித்தது.

"குடிச்சிருச்சு. எழுதிக்கோங்க."

"வாளியில குடிச்சா செல்லாதுங்க. மாடு தானா தொட்டிக்கு வரணும்," என்றார் போய்ட், உதட்டில் ஒட்டிய கடுகுச் சாந்தைத் துடைத்தபடி.

தொட்டியின் மறுபுறம் காட்டுக்குதிரைகள் நின்று வயிறு முட்டக் குடித்துக்கொண்டிருந்தன.

"அதுங்க யாரைக் கேட்டுக் குடிக்குது?"

"அது எங்க வேலை இல்லைங்க," என்றார் போய்ட்.

"அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு, மேடம்," என்றார் கெண்டல்.

கிராசியானா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டிரெய்லர் கதவைத் திறந்துவிட்டார். பெர்டா அசைந்து இறங்கி, தொட்டியில் வாய் வைத்துக் குடித்தது. திரும்பும்போது கூடார வாசலில் தாராளமாகச் சாணி போட்டது.

"தானா வந்துச்சு, தானா குடிச்சுது. இப்ப எழுதுங்கடா!"

அப்போதுதான் கெண்டலும் போய்டும் எழுந்து, சாணியைத் தாண்டித் தனியே போனார்கள். தலையோடு தலை சேர்த்து நெடுநேரம் பேசினார்கள். திரும்பி வந்து கெண்டல் சொன்னார்: "அத்துமீறி நுழைஞ்சதுக்கு அபராதம்."

"அத்துமீறின மாடு குடிச்சா அது குடிச்சதா ஆகாதுங்க," என்றார் போய்ட்.

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் மந்தை ஏலத்துக்குப் போனது. பெர்டாவை மட்டும் கிராசியானா ஏற்றவில்லை. ஏன் என்று கேட்டேன். புகையிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"அதை எப்படிடா விக்கிறது? ரெண்டு கவர்மெண்டையும் ஒரே பேச்சு பேச வெச்ச மாடுடா அது."