இருட்டுக் கோயில்

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கு மேற்கே, சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே மாதா கோயில் உபதேசியார்; சாமியாருக்கு உதவியாக இருந்து ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். பங்குச்சாமி பிரான்சிலிருந்து வந்தவர். பழைய ஓட்டுக் கோயில் மழையில் இடிந்தபோது, தாம் ஞானஸ்நானம் பெற்ற சொந்த ஊர்க் கோயிலைப் போலவே ஒன்று கட்ட அவருக்கு ஆசை வந்தது.

அது எண்ணூறு வருஷத்துக் கோயில் என்பார். பழைய ரோமாபுரிக் கட்டடங்கள் இடிந்து கிடந்ததைப் பார்த்துப் பார்த்து சந்நியாசிகள் எழுப்பியதாம். கூரான வளைவு அந்தப் பக்கம் வருவதற்கு முந்திய காலம். வாசல், சன்னல், தூண்களுக்கு இடையில் எல்லாம் அரைவட்டம்தான். மேலே, பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி கல்லாலேயே கூரை. அந்தப் பாரம் சுவரை வெளியே தள்ளும் என்பதால் சுவர் ஓர் ஆள் படுக்கும் அகலம். சன்னலைப் பெரிதாக வைத்தால் பலம் போய்விடும். அதனால் சின்னச் சின்னப் பொந்துகள்.

செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து இங்கே அதையே கட்டினார். அவர் ஊர்த் தூண்களின் தலையில் மனிதனை விழுங்கும் சிங்கம் உண்டாம். எங்கள் கல்தச்சர் செதுக்கியது யாளியாக வந்துவிட்டது. சாமி அதைப் பார்த்துச் சிரித்தார், அப்படியே இருக்கட்டும் என்றார்.

“ஏனுங்க சாமி, குதிருக்குள்ள நிக்கிற மாதிரி இருட்டா இருக்குதுங்க,” என்றார் என் வீட்டுக்காரர்.

“எங்க ஊர்லயும் அப்படித்தான் உபதேசியாரே. கண்ணு பழகிரும்.”

கூரைக்கு முட்டுக் கொடுத்த சாரம் பிரிக்காத ஐப்பசியில் எங்கள் மகள் வாந்திபேதியில் போனாள். ஆறு வயது. வெளியே மழை கொட்டியது. யாரும் உள்ளே போகக் கூடாதென்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சாமியே அவளைக் கையில் ஏந்தி, சாரக் கம்புகளுக்கு நடுவே வழி பார்த்து நடந்து, பீடத்துக்கு முன்னால் கிடத்தினார். அந்தக் கோயிலில் நடந்த முதல் பூசை அவளுடைய அடக்கப் பூசைதான். அதற்குப் பிறகு வெகுகாலம் நான் வாசலோரம் நின்றுவிட்டே திரும்புவேன்.

சீமையில் பெரிய சண்டை வந்தது. கடைசியில் சேலத்திலிருந்து ஒரு சாமியார் வந்து சமாசாரம் சொன்னார். எங்கள் சாமியின் சொந்த ஊரில் குண்டு விழுந்தபோது, சுவர் தடிமனாக இருக்கிறது, தாங்கும் என்று ஜனங்கள் அந்தக் கோயிலுக்குள் ஓடியிருக்கிறார்கள். கூரை அப்படியே இறங்கிவிட்டது. செத்தவர்களில் எங்கள் சாமியின் தங்கையும் ஒருத்தி.

மறுநாளிலிருந்து சாமி கோயிலுக்குள் வரவில்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசை போட்டுப் பூசை வைத்தார். என் வீட்டுக்காரர் மெதுவாகக் காரணம் கேட்டதற்கு, “உங்களையெல்லாம் அதே மாதிரிக் கூரைக்கடியில உக்கார வெச்சிருக்கேனே” என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த ஞாயிறு நான் தாழ்வாரத்துக்குப் போகாமல் கோயிலுக்குள் போனேன். பிள்ளையைக் கிடத்திய இடத்தருகே உட்கார்ந்தேன். என்னைத் தேடி வந்த பக்கத்து வீட்டுக்காரியும் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தாழ்வாரத்தில் ஆளில்லாமல் போகவே சாமி வாசலில் வந்து நின்றார்.

“வெளிய வாங்கம்மா.”

“எம்புள்ள கடைசியா இங்கதானுங்க படுத்திருந்தா. உங்க தங்கச்சிக்கும் இங்கயே பூசை வையுங்க சாமி. நாங்க கூட இருக்கறமுங்க.”

சாமி மேலே பார்க்காமல் உள்ளே வந்தார். பூசையில் தங்கையின் பெயர் வரும் இடத்தில் அவர் குரல் நின்றுபோனது. எங்கள் வாயில் நுழையாத பெயர் அது. என் வீட்டுக்காரர் தமக்கு வந்த மட்டில் அதைச் சொல்லி முடித்தார்.

பூசை மறுபடியும் உள்ளேயே நடக்கத் தொடங்கியது. தம் ஊரைப் பற்றி மட்டும் சாமி பேசுவதே இல்லை. சண்டை முடிந்து கப்பல் ஓட ஆரம்பித்ததும், ஒருமுறை பிரான்சுக்குப் போய்விட்டு வரச் சொல்லிச் சேலத்திலிருந்து ஆள் வந்தது. அவர் போகவில்லை.