சாக்குருவிக்கு இரண்டு சேவல்

எங்கள் தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டு, அது காய்க்க ஆரம்பித்த பிறகு, எலிகள் எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டன. உதிரிப் பழம் பொறுக்க நாங்கள் போவதற்குள் பாதிப் பழத்தை அவை கடித்து வைத்திருக்கும். எண்பதுகளில் எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் பசுவின் வயிற்றில் இரண்டாவது கன்று இருந்த வருஷம்.

துரைக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். உயரமான கம்பத்தில் மரப்பெட்டி வைத்தால் ஆந்தை குடிவந்து எலியைத் தின்னும் என்று. எங்கள் லயத்து வீடுகளின் கூரைத் தகரத்தை மாற்றச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆந்தை கேட்காமலேயே புதுத் தகரம் போட்ட வீடு வாங்கிவிட்டது. அப்படி ஒரு பெட்டியை எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நட்டுவிட்டுப் போனார்கள்.

குடிவந்தது சாதாரண ஆந்தையாக இருந்தால் நானும் பொறுத்திருப்பேன். முகம் முழுக்க வெள்ளை, பவுடரை அள்ளிப் பூசிய கல்யாணப் பெண் மாதிரி. எங்கள் ஆட்கள் சாக்குருவி என்பார்கள். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களும் பேய்ப் பறவை என்றுதான் சொன்னார்கள். இரண்டு பாஷையிலும் கெட்ட பெயர் வாங்கிய பறவையை நான் எப்படி நல்லது என்று நினைப்பது?

அது வந்த அடுத்த மாதம் பசு நாள் ஆகாமலேயே கன்றைப் போட்டது. செத்த கன்று. அதற்கு அடுத்த மாதம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். பழம் வெட்டுகிற மனிதர், குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பவர், கெண்டைக்கால் வலிக்கிறது என்று பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காரவில்லை. ஆனாலும் கன்றையும் இவரையும் குருவியையும் கூட்டிப் பார்க்கத் தெரிந்தது.

தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோவில். அங்கே போய், அந்தக் குருவியை விரட்டிவிடு, சேவல் அறுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். சாமிக்கு ஆயிரம் வேலை இருக்கும், நாமும் கொஞ்சம் ஒத்தாசை செய்வோம் என்று தோன்றியது. பொழுது சாய்ந்து குருவி வெளியே பறந்ததும், எதிர்வீட்டு அக்காவை ஏணியைப் பிடிக்கச் சொல்லி ஏறினேன். பெட்டி வாயில் சிமெண்டுச் சாக்கைத் திணித்து, நாலு மிளகாயையும் கோத்துக் கட்டினேன். குருவி திரும்பி வந்து, கொட்டகைக் கூரைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது. நல்ல பெயர் முனியாண்டிக்கு.

மறுநாள் அவர் எழுந்து தேத்தண்ணி கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கண் மஞ்சளாகியிருந்தது.

தோட்டத்து டிரஸர் வந்தார். டாக்டர் இல்லாத தோட்டத்தில் எங்களுக்கு மருந்து கொடுக்கிறவர் அவர்தான். கண்ணைப் பார்த்தார், கெண்டைக்காலை அமுக்கினார், பெரியாஸ்பத்திரிக்கு ஏற்ற வேன் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். வேன் வருவதற்குள் கொட்டகையைச் சுற்றி வந்தார். புண்ணாக்கு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். மாட்டைக் கழுவின தண்ணீர் அல்லூருக்கு ஓடுவதைக் குனிந்து பார்த்தார். எங்கள் ஆட்கள் பழம் வெட்டப் போகும்போது இறங்கிக் கடக்கிற வாய்க்கால் அது. இவர் பாதி மாட்டுக்குப் படித்தவர் போலிருக்கிறது என்று அக்காவின் காதில் சொன்னேன்.

"பசு எப்பம்மா கன்ன போட்டுச்சு?" என்று கேட்டார்.

"மனுசன் இங்க கெடக்குறாரு, நீங்க மாட்ட விசாரிக்கிறீங்களே ஐயா."

"மாட்டுக்கும் மனுசனுக்கும் ஒரே சீக்குதான்னு நெனைக்கிறேன். எலி மூத்திரம். மூட்டையில எலி, அல்லூருல எலி. அவரு கால்ல வெட்டுக் காயத்தோட, சப்பாத்து இல்லாம அந்தத் தண்ணியிலதான எறங்குறாரு?"

அவர் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார்.

"பெட்டியில என்ன சாக்கு?"

"காத்துல பறந்து வந்து மாட்டிக்கிச்சு போலங்க ஐயா."

"காத்து மொளகாயும் கட்டிட்டுப் போச்சா?"

வேன் வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, டிரஸர் நினைத்ததுதான் என்றார்கள். எலிக்காய்ச்சல். சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது, பிழைத்துக்கொள்வார், ஆனால் இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னபோது, கையில் இருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலை. இவர் வீட்டுக்கு வருவதற்குள் எலியை ஒழிக்க வேண்டும்.

புண்ணாக்கை மூடி போட்ட தகர டிரம்முக்கு மாற்றினேன். கொட்டகைத் தண்ணீருக்குத் தனிக் குழி வெட்டினேன். அவருக்கு முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து வாங்கினேன். ஆந்தைப் பெட்டி வருமுன் காட்டில் மரத்தடியில் வைத்த மெழுகு எலிமருந்தை வீட்டைச் சுற்றி வைப்போமா என்று கேட்டதற்கு டிரஸர் கூடாது என்றுவிட்டார். மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகுமாம். எந்த ஆந்தை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கே ஏணி போட்டு ஏறிச் சாக்கைப் பிடுங்கினேன்.

குருவி வரவில்லை. எலிகள் பட்டப்பகலில் உத்தரத்தில் ஓடின. மூடியைக் கடித்துப் பார்த்தன. அவரை வீட்டுக்கு அனுப்பப்போகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லை, முனியாண்டியிடமே போனேன். பூசாரியும் எங்கள் லயத்து ஆள்தான், காலையில் பழம் வெட்டுவார், மாலையில் விளக்கு வைப்பார். குருவி திரும்பி வர வேண்டும், சேவல் அறுக்கிறேன் என்று நான் சத்தமாக வேண்டியதைக் கேட்டுவிட்டார்.

"அன்னைக்கு போகச் சொன்ன, இன்னைக்கு வரச் சொல்ற. சாமிய வேலை ஏவுறதுக்கு நீ என்னா மண்டோரா?"

"தெரியாமக் கேட்டுட்டேன்னு சொல்லுங்கண்ணே."

"அப்ப ரெண்டு சேவலு."

ஒன்றுதான் என்று வாதாடினேன். முதல் தடவை சாமி ஒன்றும் செய்யவில்லை, குருவியை விரட்டியது நான் திணித்த சாக்கு என்று சொல்லி முடித்தபிறகுதான், என்ன சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை லயத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். நான் வீடு போய்ச் சேருவதற்குள் என் கதை டிரஸர் வரைக்கும் போய்விட்டது.

வீட்டுக்காரர் பாதி ஆளாக வந்து இறங்கினார். பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வீட்டுக்குள்ளேகூடச் சப்பாத்தைக் கழற்றவிடவில்லை. அவரும் சண்டை போடத் தெம்பில்லாமல் போட்டுக்கொண்டிருந்தார். வந்த ஐந்தாம் நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, பெட்டிக்குள்ளிருந்து பிரஷர் குக்கர் சீறுவது மாதிரி ஒரு சத்தம். வெள்ளை முகம் எட்டிப் பார்த்தது. பிறகு இறங்கி, அல்லூர்க் கரையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. வால் தொங்கியது.

அவர் அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏ புள்ள, சாக்க எடுத்து ஒளிச்சு வையி. இல்லாட்டி மறுபடியும் காத்தடிக்கப் போவுது" என்றார்.

நோயாளி கேலி பேசினால் பிழைத்துவிட்டான் என்று அர்த்தம்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு சேவலைக் கொண்டுபோனேன். எது போகச் சொன்னதற்கு, எது வரச் சொன்னதற்கு என்று பூசாரி எல்லார் முன்னாலும் கேட்டார். ரெண்டுமே வந்ததுக்குத்தான் என்றேன். ஒன்று குருவி வந்ததற்கு, இன்னொன்று இவர் வந்ததற்கு. போகச் சொன்னது சாமிக்கே மறந்திருக்கும்.

பூசாரி அறுத்து முடித்துக் குடலை வழக்கம்போல அல்லூரில் வீசப் போனார். எலிக்கு விருந்து வைக்கவா? அவர் கையைப் பிடித்தேன்.

"மறுபடியும் மண்டோரா?" என்றார்.

மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.