வண்டிக்கு அடியில் ஒரு லாந்தர்

திண்டிவனம் மேஜிஸ்திரேட்டு கோர்ட்டு வேப்பமரத்தடியில் துரைக்கண்ணு குந்தியிருந்தான். கட்டியிருந்த வேட்டி புதுசு. இன்றைக்கு அவனைக் கூண்டில் ஏற்றி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கப் போகிறார்கள். 'இல்லீங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். விழுப்புரத்திலிருந்து ரயிலேறி வரும் வக்கீல் சுப்பராயலு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவனுக்குத் துணிச்சல் இல்லை.

எதிரே, டைப் அடிக்கும் கடையின் நிழலில் கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். வானூர்ப் பக்கத்துக்காரி. இந்தக் கேசில் செத்துப்போன பையனைப் பெற்றவள். அவள் முந்தானை நுனியில் எலுமிச்சம்பழம் கனத்துக்கு ஒரு முடிச்சு. அதற்குள் இருப்பது மகன் விழுந்த இடத்து மண் என்று துரைக்கண்ணுவின் ஊர் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. வயிறெரிந்த தாய் பொய் சொன்னவன் முகத்துக்கு நேராக மண்ணை வாரித் தூற்றினால் அவன் வம்சம் விளங்காது என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். துரைக்கண்ணுவும் நம்பினான். அவனுக்கு ஒரே மகள். தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

காலையில் கிளம்பும்போதே அவன் பெண்டாட்டி பாஞ்சாலி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மண்ணைத் திருவக்கரை கோயில்ல ஆத்தா காலடியில வெச்சு எடுத்தாந்துருக்காளாம். பாத்துப் பேசு. உன் வாயில வர்றது நம்ம புள்ள வவுத்துல போய் விடியும்."

"இன்னா பேசச் சொல்ற? ஆமான்னா ஜெயிலு. இல்லைன்னா மண்ணு."

"நடந்தத சொல்லு."

"நடந்தது எனக்குத் தெரிஞ்சாதானடி!"

அதுதான் அவனுடைய சங்கடம். போன மார்கழியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, விளைச்சலை ஏலம் விடுகிற திண்டிவனம் கமிட்டிக்குப் புறப்பட்டான். விடிவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் முன்வரிசையில் மூட்டை இறக்கலாம். அதனால் அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் முன்னிரவிலேயே வண்டி பூட்டிவிடுவார்கள். வண்டிக்கு அடியில் லாந்தரைக் கொளுத்திக் கட்டுவார்கள். தார் ரோடு ஏறியதும் மூட்டை மேல் சாய்ந்து தூங்கிப் போவார்கள். மாடுகளுக்கு வழி தெரியும். இடது ஓரத்தை விடாமல் நடந்து கமிட்டி வாசலில் போய் நிற்கும். நின்ற பிறகுதான் வண்டிக்காரனுக்கு விழிப்பு வரும். அவன் அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். அதில் ஒரு தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

அன்றைக்கு அவன் விழித்தது கமிட்டி வாசலில் இல்லை. பின்னால் டமார் என்று முட்டிய சத்தத்தில் விழித்தான். பனி மூட்டத்தில் எதுவும் தெரியவில்லை. இறங்கி ஓடிப் பார்த்தால் ஒரு மொபெட் சாய்ந்து கிடந்து சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கொத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன். மூச்சு இல்லை. பக்கத்தில் லாந்தர் நசுங்கி, கண்ணாடி தூள் தூளாகக் கிடந்தது.

லாந்தர் எரியாமல் வண்டி ஓட்டி ஆளைக் கொன்றுவிட்டான் என்று போலீசில் கேசு எழுதினார்கள். எரிந்ததா இல்லையா? அது துரைக்கண்ணுவுக்கே தெரியாது.

மரத்தடியில் பக்கத்தில் வந்து குந்தினான் சவுரிராயன். பாண்டிச்சேரிச் சாராயத்தைச் சைக்கிள் ட்யூபில் அடைத்துக்கொண்டு வந்து பிடிபடுகிற ஆள். கோர்ட்டுக்குப் பழையவன். கல்யாண வீட்டுக்கு வந்தவன் போல வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"இன்னா கேசு அண்ணாத்தே? நம்ம சரக்கா?"

"இல்லப்பா. வண்டி கேசு."

"லாரியா?"

"மாட்டு வண்டி."

சவுரிராயனுக்குப் புரையேறிவிட்டது. "அப்போ மாட்ட எங்க காணோம்? கூண்டுல அதுங்க ரெண்டும் இல்ல நிக்கணும்?" துரைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "பயந்துக்கினு கெடக்காத. கூப்ட்டதும் போ. தப்புதாங்க எசமான், மாப்பு குடுங்கன்னு கும்புடு. ஃபைன் போடுவாங்க. கட்டிட்டு ஊட்டுக்குப் போய்க் களி துன்னு. நான் அப்பிடித்தான் செய்யிறேன். இல்லைன்னு சொன்னியோ, வாய்தா வாய்தான்னு அலைய உட்ருவாங்க. ஜல்தியா முடிச்சிக்கினு போவியா!"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா? துரைக்கண்ணுவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. ஆமாம் என்றால் உண்மையை மறைத்ததாகாது. முடிச்சு அவிழ வேண்டிய அவசியமே இல்லை.

வக்கீல் கருப்பு கோட்டை மாட்டிக்கொண்டே வந்தார். துரைக்கண்ணு எழுந்து கை கட்டினான்.

"ஐயா, ஆமான்னு சொல்லிட்டா இன்னாங்க?"

"யாரு ஓதினது? இந்தச் சாராயக்காரனா?" வக்கீல் சவுரிராயனை முறைத்தார். அவன் மெல்ல நகர்ந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போனான். "அவன் கேசுல யாரும் சாகலய்யா. உன் கேசுல ஒரு ஆளு செத்துருக்கான். ஆமான்னு சொன்னா ஃபைனோட போவாது. ரெண்டு வருஷம் வரைக்கும் கடலூர் ஜெயிலு. பேரப்புள்ளைய கம்பி வழியாத்தான் பாப்ப. புரியுதா?"

"அந்த லாந்தரு எரிஞ்சுதா இல்லியான்னு எனக்கே..."

"அத என்கிட்ட சொல்லாத!" வக்கீல் கையை உயர்த்தினார். "எரியலைன்னு போலீசுதான் நிரூபிக்கணும். நீ ஒரு வார்த்த சொல்லு. போதும்."

டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகன் பெயரைக் கூப்பிட்டான். மூன்று தரம் கூப்பிட்டும் துரைக்கண்ணுவுக்குத் தன் பெயர் என்று உறைக்கவில்லை. வக்கீல் முதுகில் தள்ளினார்.

கூண்டின் மரக்கட்டை, பிடித்துப் பிடித்து வழவழவென்று இருந்தது. எத்தனை பேர் பயந்து பிடித்த கட்டையோ. மேஜிஸ்திரேட்டு காகிதத்தைப் பார்த்து நிதானமாக வாசித்தார். இன்ன ரோட்டில், இன்ன விடியற்காலையில், விளக்கு இல்லாமல், அஜாக்கிரதையாக. வாசித்து முடித்துக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"குற்றத்தை ஒப்புக்கொள்றியாப்பா?"

துரைக்கண்ணு வாயைத் திறந்தான். அவர் தலைக்கு மேல் விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டான். கெங்கம்மாள் நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் விரல்கள் முந்தானை முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தன.

"சொல்லு."

"ஐயா... நான் தூங்கிட்டேங்க."

யாரோ சிரித்தார்கள். வக்கீல் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஒப்புக்கொள்றியா, இல்லையா?"

"பூட்டும்போது நான்தாங்க கொளுத்துனேன். ஓமந்தூர் தாண்டுற வரைக்கும் எரிஞ்சுது. மாட்டுக் காலு நெழலு ரோட்டுல ஆடிக்கினே வந்துது, பாத்தேன். அப்பால தூங்கிட்டேன். முட்டுன சத்தத்துல எந்திரிச்சுப் பாத்தா லாந்தரு ஒடைஞ்சு கெடக்குது. எரியறப்ப ஒடைஞ்சுதா, அணைஞ்சப்புறம் ஒடைஞ்சுதா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. ஆமான்னாலும் பொய்யி, இல்லைன்னாலும் பொய்யி. நான் இன்னாங்க சொல்லட்டும்?"

மேஜிஸ்திரேட்டு கொஞ்ச நேரம் எழுதினார். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதியதாகச் சொன்னார். "இதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதா எடுத்துக்க முடியாது. விசாரணை நடக்கும்" என்று அடுத்த வாய்தாவைச் சொல்லி அனுப்பினார்.

கூண்டிலிருந்து இறங்கினான். வாசலில் கெங்கம்மாளின் விரல்கள் நின்றுவிட்டிருந்தன. அவனையே உற்றுப் பார்த்தபடி முடிச்சை மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். தூற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"தூங்கினேன்னு நீயா வந்து ஒளறிட்டியேய்யா! உன்ன வெச்சிக்கினு பெரிய பேஜாரு" என்று வக்கீல் ரோடு வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறம் வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கெங்கம்மாள் வந்தாள். முடிச்சும் வந்தது. மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு உடம்பு சுட்டால் துரைக்கண்ணு வெளியே போய் ரோட்டைப் பார்த்தபடி நிற்பான். அம்மை போட்டபோது பாஞ்சாலி அவனோடு பேச்சையே விட்டாள். குழந்தை தேறி எழுந்து நடந்த பிறகும் அந்த பயம் வீட்டைவிட்டுப் போகவில்லை. வண்டி பூட்டினால் அவன் மூட்டை மேல் ஏறுவதில்லை. லாந்தரைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்திலேயே கமிட்டி வரைக்கும் நடந்தான். மற்ற வண்டிக்காரர்கள், "துரக்கண்ணு, நீயும் ஒரு மாடாயிட்டியா?" என்று கேலி பண்ணினார்கள். அவன் சுடரைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

கடைசியில் ஒரு நாள் தீர்ப்பு வந்தது. வண்டி இடது ஓரத்தில்தான் போயிருக்கிறது. லாந்தர் எரியவில்லை என்று கண்ணால் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. சந்தேகத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குக் கொடுத்து விடுதலை. வக்கீல் கை கொடுத்தார். "போய்யா, நீ குத்தவாளி இல்ல. கோர்ட்டே சொல்லிடுச்சு." துரைக்கண்ணு கும்பிட்டான். எரிந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

கேட்டருகில் கெங்கம்மாள் காத்திருந்தாள். ஓடிவிடலாமா என்று கால் பரபரத்தது. ஓடினாலும் மண் துரத்தி வரும். நின்றான்.

"லாந்தரு எரிஞ்சுதாய்யா?" என்று கேட்டாள். அத்தனை வாய்தாவில் அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

இப்போது ஜெயில் இல்லை. வக்கீல் இல்லை. எரிஞ்சுதுன்னு சொன்னால் அந்தப் பொம்பளை நிம்மதியாகப் போய்விடுவாளோ என்னவோ.

"தெரியாதும்மா" என்றான்.

கெங்கம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பேரன் முகம் வந்து போனது. முகத்தில் எதுவும் விழவில்லை. அவன் வலது கையை இழுத்து விரித்து, அதில் அந்த மண்ணைக் கொட்டினாள். நாளாகிப் பொடியாகிப்போன செம்மண்.

"எத்தினி நாளு இத்த நான் தூக்கிக்கினு திரியறது? இன்னிமே நீ வெச்சிக்கோ."

திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்விட்டாள்.

கீழே போடலாமா என்று பார்த்தான். போட முடியவில்லை. பஸ்ஸில் நெரிசல். இடது கையால் மடியைத் துழாவிச் சில்லறையை எடுத்து நீட்டினான்.

"இன்னா பெரியவரே, பீச்சாங்கையால நீட்ற? சோத்துக்கை இன்னாச்சு?" என்று கண்டக்டர் அதட்டினான்.

பஸ் குலுங்கிய குலுங்கலில் துரைக்கண்ணுவின் வலது கை விரலிடுக்கு வழியாகக் கொஞ்சம் மண் கசிந்து வேட்டியில் விழுந்தது. பதறிப்போய்க் கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டான்.