போயிட்டாருங்க

எங்கள் சுற்றுலா பஸ்ஸில் கைடு வேலை பார்க்கும் அக்காவுக்கு வாய் ஓயாது. பத்து நாள் பயணத்தில் ஏழு ஊர், இரண்டு கோட்டை, ஒரு காடு, ஓர் அருவி. தொண்டை கட்டினாலும் விடாமல் கதை சொல்வார். ஆரம்பத்தில் இதே கம்பெனியில் டிக்கெட் கிழித்தவர். கைடு வராத ஒரு நாள் மைக்கைப் பிடித்தவர், இன்னும் கீழே வைக்கவில்லை. பதினோரு வருஷமாக அவரோடு வண்டி ஓட்டுகிறேன். எந்த ராஜா எந்த அண்ணனைக் கவிழ்த்தான் என்பது எனக்கே தலைகீழ்ப் பாடம். ஆனால் அக்காவுக்குப் பெருமை வேறு ஒன்றில்: "என் வண்டியில ஏறுன ஒருத்தரக்கூட நான் தொலைச்சதில்ல."

போன மாதம் அந்தப் பெருமைக்குக் கண் பட்டுவிட்டது.

அந்தப் பயணத்தில் தனியாக வந்தவர் ஒருவர்தான், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மகன் வந்து ஏற்றிவிட்டுப் போனார். வண்டி கிளம்பியதும் புலம்பல் ஆரம்பம். "வீட்ல நான் இடைஞ்சல்மா. பத்து நாள் நிம்மதியா இருக்கலாம்னு பார்சல் பண்ணிட்டான்." அக்கா சமாதானம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பினால் அதுவும் குற்றமா?

நான்காம் நாள், மலைக்கோட்டை. பத்தரைக்குக் கிளம்ப வேண்டும். ஓர் ஆள் குறைகிறது. மாஸ்டரின் போன் அவர் சீட்டிலேயே கிடந்தது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறி ஓடினார். மதில், மண்டபம், கழிப்பறை வாசல், எங்கும் இல்லை. பாழுங்கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகத்தில் உயிரே இல்லை.

வாசல் காவலாளிதான் வயிற்றில் பால் வார்த்தார். "தொப்பி போட்ட பெரியவரா? அப்பவே இன்னொரு பஸ்ல ஏறிட்டாரே. அருவிக்குப் போற வண்டி. உங்களுது மாதிரியே வெள்ளை."

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மாஸ்டரின் போன் அடித்தது. மகன். அக்கா எடுத்தார். மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

"அப்பா இல்லையா?"

"அப்பா போயிட்டாருங்க..."

லைன் அறுந்தது. 'வேற பஸ்ல' என்று அக்கா சொன்னது காற்றோடு போயிற்று. என்னைப் பார்த்தார். "அய்யய்யோ, என்ன சொல்லித் தொலைச்சேன்!"

ஆயிரம் கதை சொன்ன வாய்க்கு அந்த நேரம் வேறு சொல் கிடைக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டால் மகன் லைன் பிஸி. சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் போல. அருவி வரை முக்கால் மணி நேரம், அக்கா போனை அழுத்திக்கொண்டே வந்தார். மைக் சும்மா கிடந்தது.

மாஸ்டர் அருவிக்கரையில் ஜம்மென்று குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பாய்ந்தார். "பத்தரைன்னா பத்தரைக்கு எடுக்க வேணாமா? அந்த டிரைவர் டாண்ணு எடுத்தாரு. நம்ம வண்டின்னுதான் ஏறினேன்!"

அதே நேரம் லைன் கிடைத்தது. அக்கா உடனே போனை அவர் கையில் திணித்தார்.

"ஹலோ, நான்தான்டா."

 மறுமுனையில் ஓவென்று ஓர் அழுகை, எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அப்பா, அப்பா" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை.

"என்னடா? யாருக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்குத்தான்யா," என்றார் அக்கா. "நான் சொன்னதுல, நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுட்டாரு."

சொல்லிவிட்டுப் பாறையில் உட்கார்ந்து அவரும் அழுதார், நடுவே சிரித்தார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

மாஸ்டர் ஈரத் துண்டோடு அப்படியே நின்றார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார்: "எனக்காடா இப்படி அழறே?"